குழந்தை அ-வுக்குப் பதினெட்டு மதிப்பெண்

உங்கள் எல்லோருக்கும் இந்நேரம் ஆளுக்கொரு சிவப்புப் பேனா கொடுத்திருப்பார்கள். எனக்கும் கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு பன்னிரண்டு வருஷம் திண்டிவனத்தில் உட்கார்ந்திருந்தேன். இப்போது ஓய்வு பெற்றவளைக் கூப்பிட்டு, புதிதாகச் சேர்ந்த பயிற்சியாளர்களுக்கு உற்சாகமாக நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்கிறார்கள். உற்சாகம் வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். விடவில்லை. அதனால் நான் செய்த ஒரு காரியத்தை எழுதுகிறேன். படித்துவிட்டு இந்த வேலையே வேண்டாம் என்று யாராவது போனால் அதற்கும் நான் பொறுப்பில்லை.

நம் படிப்பு என்னவென்று உங்களுக்குத் தெரியும். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள், நோயில் விழுந்த பிள்ளைகள், வீட்டில் இருந்தும் கவனிப்பார் இல்லாத பிள்ளைகள் இவர்களை ஊர் அளவில் பார்த்துக்கொள்கிற பெண்களுக்கு (பாடத்தில் அவர்கள் பெயர் காப்பாளர்) அஞ்சல் வழியில் ஒரு சான்றிதழ்ப் படிப்பு. பாடப் புத்தகம் தபாலில் போகும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூன்று நாள் நேர்முக வகுப்பு. நடுவில் வீட்டிலிருந்து எழுதி அனுப்புவது ஒப்படைப்பு. அவர்கள் வாயில் அது அசைன்மென்ட். அலுவலகம் விழுப்புரத்தில். வகுப்புக்கு இடம் கிடைத்தது திண்டிவனத்தில், ஒரு பள்ளிக்கூடத்தின் பின்கட்டிடத்தில். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் கால் மடக்கி உட்கார்ந்து அந்தப் பெண்கள் படித்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மரியாதை வருகிறது. விடியலில் எழுந்து சோறாக்கி வைத்துவிட்டு, மூன்று பஸ் மாறி வந்தவர்கள் அவர்கள்.

நான்காம் பாடத்தை எழுதியவள் நான். குழந்தைக்கு ஆபத்து என்று தெரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது பாடம். அதில் முதல் விதி, வாயால் சொல்லாதே, எங்களிடம் எழுதிக் கொடு. வகுப்பிலும் அதையே கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிக்கொண்டிருப்பேன். அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் முதல் வருஷத்தில் ஒரு பெண், தன் பொறுப்பில் இருந்த பிள்ளைக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்று யாரிடமோ நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். ஒரே வாரத்தில் ஊர்க் குழாயில் அந்தக் குடும்பத்தைத் தண்ணீர் பிடிக்க விடவில்லை. அதிலிருந்துதான் இரண்டு விதி பிறந்தது. எதையும் எழுத்தில் தா. எழுதும்போது பிள்ளையின் பெயரையும் ஊரையும் எழுதாதே, குழந்தை அ என்று போடு.

இரண்டும் நல்ல விதி. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். நல்ல விதியை வைத்துக்கொண்டே ஒரு பிள்ளையைப் பறிகொடுக்க முடியும் என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒப்படைப்பில் ஒரு கேள்வி நிகழ்வு ஆய்வு. உங்கள் பொறுப்பில் உள்ள ஒரு குழந்தையின் நிலையை முன்னூறு வார்த்தையில் எழுதி, இந்த நிலையில் காப்பாளர் என்ன செய்ய வேண்டும் என்று விளக்குக. பாடப் புத்தகத்தில் மாதிரிக்கு ஒன்று கொடுத்திருந்தோம். குழந்தை அ, வயது எட்டு, படம் வரைவதில் ஆர்வம், தாத்தாவுடன் வசிக்கிறாள். கொடுத்தோமா, அவ்வளவுதான். அடுத்த தபாலில் வந்த கட்டில் பாதிக்கு மேல் அதே பிள்ளை. செஞ்சியிலும் எட்டு வயது, மயிலத்திலும் எட்டு வயது, மரக்காணத்திலும் படம் வரைவதில் ஆர்வம். ஒருத்தி மட்டும் தாத்தாவை மாமாவாக்கியிருந்தாள். எனக்கு வந்த கோபத்தில் அத்தனை நோட்டிலும் காப்பி, காப்பி என்று எழுதித் தள்ளினேன். அன்றிலிருந்து எந்த நோட்டைத் திறந்தாலும், இது எங்கிருந்து சுட்டது என்றுதான் முதலில் பார்ப்பேன். வகுப்பில் எனக்குப் பட்டப்பெயர் போலீஸ் டீச்சர். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, மறைப்பானேன்.

அந்தக் காலத்தில் வந்தவள்தான் ஆரோக்கியமேரி. பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன். வளவனூர் பக்கம் ஒரு சிற்றூர். பங்குக் கோயிலில் சாயங்காலம் நடக்கிற வகுப்பில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள். முப்பது வயது இருக்கும். பத்தாவதில் நின்றவள். வகுப்பில் வாய் திறக்கமாட்டாள். நான் சொல்வதை ஒன்று விடாமல் எழுதிக்கொள்வாள். நான் இருமினால் அதையும் எழுதிக்கொள்வாள் என்று ஒருநாள் கிண்டல் செய்தேன். எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள்.

அவளுடைய ஒப்படைப்பு விழுப்புரத்து அலுவலகத்துக்குத் தபாலில் போய், அங்கே கட்டோடு கட்டாகக் கிடந்து, என் வீட்டுக்கு வந்தது. என் பீரோவிலும் சில வாரம் கிடந்தது. நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் எனக்குப் பரீட்சைப் பேப்பர் வேலை. அதை முடித்துவிட்டு இதைத் தொடலாம் என்று விட்டுவிட்டேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மொத்தக் கட்டையும் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவள் எழுதியிருந்தது முன்னூறு வார்த்தை இல்லை, நாலு பக்கம். குழந்தை அ-வுக்கு வயது ஒன்பது. அம்மா அப்பா இரண்டு பேரும் எச்.ஐ.வி.யில் போய்விட்டார்கள். பிள்ளைக்கும் இருக்கிறது. சித்தப்பா வீட்டில் இருக்கிறாள். காலையும் மாலையும் மாத்திரை போட வேண்டும், ஒரு வேளையும் விடக்கூடாது. சித்தப்பாவின் மூத்த பெண்ணுக்கு நிச்சயம் ஆகியிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் அடிக்கடி வந்து போகிறார்கள். மாத்திரை டப்பா அவர்கள் கண்ணில் பட்டால் சம்பந்தம் முறிந்துவிடும் என்று, கல்யாணம் முடியும்வரை மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். யாராவது வந்தால் குழந்தை அ-வை மல்லாட்டை மூட்டை அடுக்கிய அறையில் உட்கார வைக்கிறார்கள். இருமக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். இருமல் வந்தால் அவள் பாவாடை நுனியை வாயில் அடைத்துக்கொள்கிறாள். நான் இரண்டு முறை போய்ச் சொன்னேன், இனிமேல் இந்தப் பக்கம் வராதே என்கிறார்கள். இந்த நிலையில் என்ன செய்ய வேண்டும்?

இதுதான் அவள் எழுதியது. அந்தக் கடைசிக் கேள்வியோடு நின்றிருந்தது.

நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள். பாவாடை நுனி வரிக்குக் கீழே கோடு போட்டு, ஓரத்தில் ‘கற்பனை நன்று’ என்று எழுதினேன். நிஜமாகவே பாராட்டித்தான் எழுதினேன். சுட்டது இல்லை, சொந்தமாக யோசித்திருக்கிறாள் என்று சந்தோஷம். சொல் அளவு மீறியதற்கு மதிப்பெண் குறைத்தேன். காப்பாளர் செய்ய வேண்டியதை விளக்கவில்லை என்று இன்னும் கொஞ்சம் குறைத்தேன். அந்தக் கடைசிக் கேள்வியை வட்டம் போட்டு, ‘வினாவைத் திரும்ப எழுதத் தேவையில்லை’ என்று எழுதினேன். இருபத்தைந்துக்குப் பதினெட்டு. அடுத்த நோட்டை எடுத்தேன்.

அடுத்த நேர்முக வகுப்பு ஒரு சனிக்கிழமை தொடங்கியது. மத்தியானச் சாப்பாட்டு நேரம். எல்லோரும் டப்பாவைத் திறந்துகொண்டு மரத்தடிக்குப் போய்விட்டார்கள். ஆரோக்கியமேரி மட்டும் பெஞ்சிலேயே இருந்தாள். திருத்தி வந்த நோட்டு அவள் மடியில் இருந்தது.

“சாப்பிடலியா?” என்றேன்.

“நீங்க வருவீங்க வருவீங்கன்னு பாத்துக்கினே இருந்தேன் டீச்சர்” என்றாள்.

“எங்க வரணும்?”

“எங்க ஊருக்கு. நீங்க சொன்னாமாதிரியே எழுதித்தான் குடுத்தேன். பேரு போடல, ஊரு போடல. யாருகிட்டயும் வாயத் தொறக்கல. இந்த நோட்டு தபால்ல வந்துது. மார்க்கு போட்டிருக்கீங்க. சரி, பின்னாடியே ஆளு வருவாங்கன்னு இருந்தேன்.” நோட்டைத் திறந்து என் சிவப்பு எழுத்தைக் காட்டினாள். “இது இன்னா டீச்சர், கற்பனைன்னு போட்டிருக்கீங்க. நான் எதையும் கூட்டி எழுதல.”

முதலில் என் வாயில் வந்தது என்ன தெரியுமா? நீ தனியாக ஒரு கடுதாசி போட்டிருக்கக் கூடாதா என்று கேட்டேன். குற்றத்தை அவள் தலையில் கட்டப் பார்த்தேன். அந்த நிமிஷத்திலும் புத்தி அப்படித்தான் போயிற்று. அவள் கோபப்படவில்லை. “இதுவும் கடுதாசிதான டீச்சர்” என்றாள்.

வகுப்பை இன்னொருவர் தலையில் போட்டுவிட்டு அவளோடு கிளம்பினேன். அன்று அமாவாசை. விழுப்புரம் பஸ் நிலையத்தில் மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற கூட்டம் நெருக்கித் தள்ளியது. அதற்குள் புகுந்து வளவனூர் பஸ்ஸைப் பிடித்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் போய் இறங்கும்போது மணி நாலைத் தாண்டிவிட்டது. வழியெல்லாம் ஒரே கணக்குத்தான் மனசில். அவள் தபாலில் போட்ட நாளிலிருந்து இன்றைக்கு ஒன்பது வாரம். ஒன்பது வாரமும் பிள்ளைக்கு மாத்திரை இல்லை.

சித்தப்பா வீட்டில் இல்லை. அவரும் மேல்மலையனூருக்குப் போயிருந்தார், பிள்ளைக்கு உடம்பு தேறட்டும் என்று வேண்டிக்கொள்ள. சித்திதான் வாசலில் வந்து நின்றாள். கொடுமைக்காரி என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். பார்த்தால் தூக்கம் இல்லாத கண்ணோடு ஒரு எளிய பொம்பளை.

“அடுத்த மாசம் கல்யாணங்க. அது முடிஞ்ச மறுநாளே மாத்திரை குடுக்கப் போறோம். டப்பாவ பத்திரமா வெச்சிருக்கேன், பாருங்க. அவரு வரட்டும், நாளைக்குப் பேசிக்கலாம். இப்ப நீங்க வந்து நின்னாலே ஊருல இன்னா ஏதுன்னு கேப்பாங்க. எங்க பொண்ணு வாழ்க்க போயிடுங்க.”

உள்ளே வேர்க்கடலை மூட்டைகளுக்கு நடுவில் பாயில் பிள்ளை படுத்திருந்தாள். ஒன்பது வயது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஐந்து வயதுப் பிள்ளையின் உடம்பு. கழுத்துச் சூடு என் கையைச் சுட்டது.

இங்கேதான் உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த இடத்தில் நான் செய்தது, வெளியே வந்து விழுப்புரத்துக்குப் போன் போட்டது. எங்கள் ஒருங்கிணைப்பாளர் நல்ல மனிதர். எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர். அவர் சொன்னார், “மேடம், நாம கோர்ஸ் நடத்தறவங்க. அடுத்தவங்க புள்ளைய தூக்கற அதிகாரம் நமக்கு இல்ல. கார்டியன் சம்மதம் இல்லாம எதையும் பண்ணிடாதீங்க. திங்கக்கிழமை ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க, அதிகாரிக்கு அனுப்பிடலாம்.”

அவர் சொன்னது விதிப்படி சரி. நானும் சரிங்க சார் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். என்ன வாசகம் எழுதலாம் என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். அப்போது ஆரோக்கியமேரி அந்தப் பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வெளியே வந்தாள். ஒரு கையில் மாத்திரை டப்பா. பின்னாலேயே சித்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டு வந்தாள். தடுக்கவில்லை. யாராவது வந்து தூக்கிப் போகமாட்டார்களா என்று அவளும் காத்திருந்தாளோ என்னவோ, எனக்கு அப்படித்தான் பட்டது. மேரி என்னைக் கேட்கவும் இல்லை, என் பக்கம் பார்க்கவும் இல்லை. ரோட்டைப் பார்க்க நடந்தாள். “சார், அப்புறம் பேசறேன்” என்று போனை வைத்துவிட்டு நான் அவள் பின்னால் ஓடினேன்.

விழுப்புரம் பஸ்ஸில் நிற்க இடமில்லை. யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். பாதி வழியில் பிள்ளைக்கு இருமல் வந்தது. கண்ணைத் திறக்காமலே பாவாடை நுனியைத் தேடி எடுத்து வாயில் அடைத்துக்கொண்டாள். உடம்பு மட்டும் குலுங்கியது, சத்தம் இல்லை. நான் கோடு போட்டுப் பாராட்டிய அதே வரி என் மடிக்குப் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தது.

மேரி அந்தத் துணியை மெதுவாக இழுத்து எடுத்தாள். “இருமு கண்ணு. நல்லா இருமு. இங்க யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க” என்றாள். பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் மாப்பிள்ளை வீட்டுக்காரியா என்று பார்த்திருப்பாள். பிறகு மறுபடி துணியைத் தேடினாள்.

ஆஸ்பத்திரியில் உடனே சேர்த்துக்கொண்டார்கள். செய்ய வேண்டியதெல்லாம் செய்தார்கள். மறுநாள் சித்தப்பா மேல்மலையனூர் குங்குமத்தோடு நேரே அங்கே வந்து, சண்டை போடுவார் என்று நான் பயந்துகொண்டிருக்க, பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பெரிய டாக்டர் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நீங்கள் யார் என்று கேட்டார். சொன்னேன். “இந்தப் பொண்ண ஒரு ரெண்டு மாசம் முன்னாடி கூட்டிக்கினு வந்திருந்தா பாத்திருக்கலாங்க. இப்ப கிருமி மூளை வரைக்கும் போயிடுச்சு” என்றார். அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. ரெண்டு மாசம் அந்தத் தாள் எங்கே இருந்தது என்று அவருக்குத் தெரியாதே.

பதினோராம் நாள் பிள்ளை போய்விட்டாள்.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு எதுவும் தெரியாது என்று மேரி சொன்னாள்.

நான் வேலையை விட்டுவிடுகிறேன் என்று ஒருங்கிணைப்பாளரிடம் போய் அழுதேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தண்ணீர் கொடுத்தார். “அந்த நோட்டு எங்கிட்ட வந்திருந்தா நானும் மார்க்குதான் போட்டிருப்பேன் மேடம்” என்றார். ஆறுதலுக்குச் சொன்னார். எனக்கு அதைக் கேட்டுத்தான் பயம் அதிகமாயிற்று. நாலாம் பாடத்தை மாற்ற வேண்டும், ஒப்படைப்பில் நிஜம் வந்தால் அதே நாளில் படித்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். ஆமாம், நானும் எழுதித்தான் கொடுத்தேன். அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த பதிப்பு அட்டை நிறம் மாறி வந்தது. பாடம் அப்படியே இருந்தது.

நான் மட்டும் என் வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். அதைத்தான் உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். கட்டு வந்த அன்றைக்கே உறையைப் பிரியுங்கள். முதல் தடவை படிக்கும்போது பேனாவைக் கையில் எடுக்காதீர்கள். இது பொய்யா என்று கேட்காதீர்கள், இது நிஜமாக இருந்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். பத்துக்கு ஒன்பது கதையாகத்தான் இருக்கும். அந்த ஒன்பது தடவையும் நீங்கள் முட்டாளாக நின்று, ஏம்மா இது நிஜமா என்று போன் போட்டுக் கேளுங்கள். அவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அப்படி ஓடி வம்பில் மாட்டியவர்களும் நம்மில் உண்டு. எந்த வீட்டில் தூக்க வேண்டும், எந்த வீட்டில் காத்திருக்க வேண்டும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மேரிக்கு அன்றைக்குத் தெரிந்தது, அவ்வளவுதான்.

இப்படி மாற்றிக்கொண்டதால் எத்தனை பிள்ளைகள் பிழைத்தார்கள் என்று ஒரு கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எழுந்து வந்துவிட்டேன்.

ஆரோக்கியமேரி படிப்பை விடவில்லை. வருஷக் கடைசியில் பரீட்சை எழுத வந்தாள். என்னைப் பார்த்து வணக்கம் டீச்சர் என்றாள், முன்னைப் போலவே. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அன்றைக்கு முழுவதும் அவள் பின்னாலேயே சுற்றினேன். வாய் வரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டாள்.

விடைத்தாள்கள் என்னிடம்தான் வந்தன. தாளில் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். ஆனால் அந்த நாலு பக்கத்தை நான் எத்தனை முறை படித்திருக்கிறேன், அந்தக் குண்டுக் கையெழுத்து எனக்குத் தெரியாதா. கடைசிக் கேள்வி நாலாம் பாடத்திலிருந்து. பொறுப்பில் உள்ள குழந்தைக்கு ஆபத்து என்று அறிந்தால் காப்பாளர் செய்ய வேண்டியவை யாவை? ஐந்து மதிப்பெண்.

பதில் எழுதாமல் விட்டிருப்பாள் என்று நினைத்தேன். இல்லாவிட்டால் என்னைத் திட்டி ஒரு வரியாவது எழுதியிருப்பாள் என்று நினைத்தேன். எழுதியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஒன்றும் இல்லை. பாடத்தில் நான் எழுதியிருந்த ஐந்து குறிப்பையும் ஒன்று விடாமல், அதே வரிசையில், என் வார்த்தையிலேயே எழுதியிருந்தாள். முதல் குறிப்பு: பயிற்சியாளருக்கு உடனடியாக எழுத்து மூலம் தெரியப்படுத்த வேண்டும்.

தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. விடைக்குறிப்பை எடுத்து ஒவ்வொரு வரியாக ஒத்துப் பார்த்தேன். குறைக்க ஒன்றும் இல்லை. ஐந்துக்கு ஐந்து போட்டேன்.